நாடா வீட்டுக் கைக்கட்டு

சிவப்பு நாடா ஒன்று எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை நான் கண்டபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், தெருமுனைத் தையல்கடைக்காரர். முதல் நால்வர் வீட்டார். ஐந்தாமவர் இடுப்பு நாடா வாங்க வந்தவர். வாங்கிய பிறகும் போகாமல் நின்றவர். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அன்று தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் பலர் பேசிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

எங்களுக்கு நாடா நெய்வது தொழில். தறிக்கூடம் கீழே, வீடு மேலே. காற்சட்டை இடுப்புக்கு, ஏப்ரன் கட்ட, திரைச்சீலை தைக்க, மெத்தையைச் சுருட்டிக் கட்ட என்று எந்த அகலத்தில் கேட்டாலும் கொடுப்போம். அப்பா மாட்டிய பலகையில் கடையின் பெயர் சிறியதாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘எங்கள் நாடா நீளாது’ என்று இருக்கும். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பலகைக்கு நான் பொறுப்பு.

ஆகவே வேறொருவர் நெய்த நாடா எங்கள் கொடியில் தொங்கினால் அது என் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டு உருவிப் பார்த்தேன். நல்ல நீளம். ஒரு நுனியில் கட்டைவிரல் நுழையும் வளையம், மறு நுனியில் ஒட்டிப் பிடிக்கும் பட்டை. இழுத்தால் கொஞ்சம் வந்தது, விட்டால் கொஞ்சம் போனது. எனக்கு உடம்பு கூசியது.

“யாரோடது இது?”

தம்பி வானத்தைப் பார்த்தான். தம்பி மனைவி தம்பியைப் பார்த்தாள்.

“என்னோடதுதான் அத்தை,” என்றாள் பெண். “பாக்ஸிங் பழகுறப்ப கையில சுத்திக்கிறது. இதைச் சுத்திட்டுத்தான் கிளவுஸ் போடணும்.”

“பாக்ஸிங்கா?”

“போன வருஷத்துலேருந்து போறா அண்ணி. நீங்கதான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ‘எங்க பொண்ணு தேகப்பயிற்சிக்குப் போறா’ன்னு சொல்லிட்டிருக்கீங்க,” என்றாள் தம்பி மனைவி. இந்த வீட்டில் என்னிடம் பயப்படாத ஒரே ஆள் அவள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் குத்துச்சண்டை பழகுவதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் வீட்டார் அடித்துவிட்டு வந்ததாகக் கேட்டிருக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்ததாகக் கேட்டதில்லை. என் ஆட்சேபம் முழுவதும் அந்த நாடாவின் மேல்தான்.

“நாடா வீட்டுப் பொண்ணு, எவனோ நெய்ததைக் கையில சுத்திக்கிட்டு நாலு பேர் முன்னாடி போய் நிக்கிறதா?”

“யாருக்கும் தெரியாது அத்தை. மேல கிளவுஸ் இருக்கும்.”

“ரேடியோ பார்த்தாச்சே,” என்றான் தம்பி.

ரேடியோ நெஞ்சில் கை வைத்தார். “நான் எதுக்கு அக்கா வெளியில சொல்லப்போறேன்?”

தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

“போட்டி கீட்டின்னு ஏதாவது இருக்கா?”

“வர்ற ஞாயித்துக்கிழமை. இதுதான் முதல் போட்டி. இதுல ஜெயிச்சாத்தான் பெரிய போட்டிக்குப் பேர் கொடுப்பாங்க. போன தடவை பேரும் கொடுத்துட்டு, கை வீங்கி உட்கார்ந்துட்டேன். கட்டு சரியாப் போடத் தெரியல. இந்தத் தடவை மட்டும் விடவே மாட்டேன் அத்தை.” வலது கையை மூடித் திறந்து காட்டினாள். நடுவிரல் முட்டியில் பழைய வீக்கத்தின் மிச்சம் இன்னும் தெரிந்தது.

நான் ரேடியோவின் பக்கம் திரும்பினேன். “ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. அவ கையில எங்க நாடாதான் இருக்கும்.”

சொல்லியாயிற்று. சிவப்பு நாடாவை மடித்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

எங்களிடம் இருப்பதிலேயே நெருக்கமாக நெய்த பருத்தி நாடாவை எடுத்தேன். கொதிக்க வைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டேன். கத்தி மாதிரி நின்றது. அளவில் குறைக்கும் பழக்கம் எங்களிடம் இல்லாததால் சிவப்பு நாடாவின் நீளத்துக்கு மேல் தாராளமாகவே விட்டு வெட்டினேன். நுனியில் வளையத்தை நானே தைத்தேன்.

கட்டும் முறையைப் பெண் சொல்லச் சொல்ல நான் கட்டினேன். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்ட வேண்டும். புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்து சில சுற்று. பிறகு முட்டிகளின் மேல். பிறகு ஒவ்வொரு விரல் இடுக்கிலும் நுழைத்து மறுபடி மணிக்கட்டுக்கு. விரலை விரித்து வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்றாள். நான் மூட்டை கட்டிப் பழகியவள். ஒவ்வொரு சுற்றையும் முழங்காலை மேசையில் முட்டுக்கொடுத்து இழுத்தேன்.

“அண்ணி, அது கை. கன்றுக்குட்டி இல்ல,” என்றாள் தம்பி மனைவி.

“தளர்ந்தா நம்ம பேர் என்ன ஆகும்?”

கட்டி முடித்தபோது கை பார்க்க அழகாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் கிளவுஸ் அதற்கு மேல் ஏறவில்லை. தம்பி கிளவுஸைப் பிடித்துக்கொள்ள, பெண் கையைத் திணிக்க, நான் பின்னாலிருந்து தள்ள, எப்படியோ ஏற்றினோம்.

அன்று சாயங்காலம் பயிற்சிக்கு நானும் போனேன். பழைய கிடங்கு ஒன்றைப் பெருக்கி, நடுவே கயிறு கட்டிய மேடை போட்டிருந்தார்கள். ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை. பயிற்சியாளர் ஒரு பெண்மணி. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது; நடையில் சாய்வு எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது. அவர் பெண்ணின் கிளவுஸை உருவிப் போட்டுவிட்டு, “கையை மூடு,” என்றார்.

பெண் மூடினாள். பாதிதான் மூடியது.

“விரல் இருக்கா?”

“இருக்குன்னுதான் நினைக்கிறேன் மேடம். தெரியல.”

விரல் நுனிகள் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தன. பயிற்சியாளர் ஒரு நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. சரசரவென்று அவிழ்த்துவிட்டார். விரல் இடுக்குகளில் நாடாவின் ஓரம் கோடு போட்டிருந்தது.

“யாரு இதைக் கொடுத்தது? இது மூட்டை கட்டுற நாடா.”

“மூட்டை கட்டுற நாடா வேற,” என்றேன். “இது முதல் தரம்.”

“நீங்க அத்தையா? வாங்கம்மா. முதல் தரம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கைக்கு ஆகாது. கை விரிச்சிருக்கிறப்ப ஒரு அளவு, மூடினா வேற அளவு. கட்டு அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கணும். கொடுக்கலைன்னா ரத்தம் நிக்கும். குத்துற நேரத்துல முட்டி போயிடும். இதோட வந்தா ஞாயித்துக்கிழமை நான் இவளை மேடையில ஏத்த மாட்டேன்.”

நீண்டு கொடுக்கணும். எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெண் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டபடியே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் அலமாரியைத் திறந்தேன். சிவப்பு நாடாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

“இதையே கட்டிக்கிட்டுப் போ.”

மூவரும் என்னையே பார்த்தார்கள். பெண் நாடாவைத் தொடவில்லை. “ரேடியோகிட்ட சொல்லிட்டீங்களே அத்தை.”

“சொன்னது என் வாய். கை உன்னோடது. எடுத்துக்கோ.”

அப்போதுதான் தம்பி தொண்டையைக் கனைத்தான். “அக்கா, பரண்ல அது இருக்கே.”

“எது?”

“அதான், அந்த மெத்தை நாடா.”

தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த நாடாவைப் பற்றி இந்த வீட்டில் பேசக்கூடாது என்பது என் உத்தரவு. இப்போது சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் தம்பி பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு, நூல் வாங்கியபோது முறுக்கு அளவுக்கு மீறிய நூலை வாங்கிவிட்டான். நெய்து அலசியதும் நாடா சுருங்கி, இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. நான் ஊரில் இல்லை. அவன் அதை மெத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டான். கடைக்காரர் புது மெத்தையைச் சுருட்டி, வேன் கூரையில் வைத்து, எங்கள் நாடாவால் கட்டினார். வண்டி குலுங்கக் குலுங்க நாடா நீண்டு கொடுத்தது. மெத்தை நழுவி நடுரோட்டில் தானாகவே விரிந்துகொண்டது. பின்னால் வந்த பேருந்து நின்றது. நடத்துனர் இறங்கி வந்து, “இங்கேயே படுக்கப்போறீங்களா?” என்று கேட்டாராம். மிச்ச நாடாவை எரிக்கச் சொன்னேன். தம்பிக்கு மனம் வரவில்லை, பரணில் ஒளித்துவைத்தான்.

“அப்பா,” என்றாள் பெண், “அது எவ்வளவு நீளும்?”

“கேக்காதே. ரொம்ப நீளும்,” என்றான், ஏதோ நல்ல செய்தி சொல்பவன் போல.

வெளியார் நாடாவைக் கட்டினால் என் சொல் போகும். இந்த நாடாவைக் கட்டினால் எங்கள் பலகையின் சொல் போகும். பெண்ணின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கின் கோடுகள் இன்னும் மறையவில்லை.

“இறக்கு,” என்றேன்.

தம்பி ஏணி போட்டு ஏறினான். தும்மிக்கொண்டே இறங்கினான். இந்தத் தடவை பெண்ணின் சின்னக் கைக்கு வேண்டிய நீளம் மட்டும் வெட்டினேன். வளையம் நான் தைத்தேன். ஒட்டும் பட்டைக்குத் தம்பி மனைவி தன் பழைய கைப்பையின் வாயைப் பிரித்துக்கொடுத்தாள். பெண் தானே கட்டிக்கொண்டாள். நாடா கையின் வளைவுக்கு வளைந்தது, விரல் இடுக்கில் மடங்கிப் படுத்தது. கையை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

“விரிச்சா லேசா இருக்கு. மூடினா கெட்டியாப் பிடிக்குது. அத்தை, நகத்தை அழுத்திப் பாருங்க!”

அழுத்தினேன். விட்டதும் நகம் சிவந்தது.

நாடாச் சுருள்கள் நிறைந்த ஒரு மூட்டையைத் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். “ம், குத்து பார்ப்போம். என் பொண்ணு எனக்கு…” மீதியைத் தரையில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்தான்.

“வலிக்குதா?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

“எனக்கு இல்லம்மா,” என்றாள் பெண், தன் முட்டியைத் தடவிப் பார்த்தபடி.

“உன்னைக் கேக்கலடி.”

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ எங்களுக்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன்னோடு அரைத் தெருவையும் அழைத்து வந்திருந்தார். போட்டிக்கு முன் ஓர் அதிகாரி ஒவ்வொருவர் கைக்கட்டையும் இழுத்துப் பார்த்து முத்திரை போட்டார். எங்கள் பெண்ணின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனி இது?”

“எங்க வீடு,” என்றாள்.

முதல் சுற்றில் எதிராளி அவள் மூக்கில் ஒன்று கொடுத்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் வீட்டார் அடி வாங்கியதில்லை என்று முன்பே சொன்னேன். இதையும் வாங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வலது கை, போன தடவை வீங்கி உட்காரவைத்த அதே கை, ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. கடைசிச் சுற்றில் தம்பி மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கியபடி, “குத்துடி! குத்துடி!” என்று கத்தினாள். அந்த இரைச்சலில் நானும் இரண்டொரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நடுவர் எங்கள் பெண்ணின் கையைத்தான் உயர்த்தினார்.

கீழே இறங்கியதும் நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் கட்டை அவிழ்த்தேன். விரல்கள் பத்தும் நல்ல நிறத்தில் இருந்தன. முட்டியில் புது வீக்கம் இல்லை.

“பெரிய போட்டிக்குப் பேர் கொடுத்தாச்சு,” என்றார் பயிற்சியாளர். பிறகு ஈர நாடாவை எடுத்து இழுத்துப் பார்த்தார். “அம்மா, இதே மாதிரி என் பிள்ளைங்க எல்லாருக்கும் வேணுமே.”

இப்போது ஒரு தறியில் முறுக்கு நூல்தான் ஓடுகிறது. நூலை வாங்குபவன் தம்பி. முறுக்கைச் சரிபார்ப்பவள் நான். கைக்கட்டை அந்தப் பலகைக்குக் கீழே வைத்து விற்பதில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகக் கொடுக்கிறோம். பலகையில் எழுதியது எழுதியபடி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரேடியோ தெருவெங்கும் ஒரு கதை சொல்லி வருகிறார். நாடா வீட்டார் தீர்க்கதரிசிகளாம். பெண் ஒரு நாள் மேடை ஏறுவாள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, குத்துச்சண்டைக்கென்றே தனி நாடா நெய்து பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்களாம். ஜன்னலுக்கு வருகிறவர்கள் என்னிடமே இதைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். தம்பி மறுப்பதில்லை.

அது உண்மை இல்லை. அந்த நாடா மெத்தை கட்டத்தான் நெய்யப்பட்டது. மெத்தை விழுந்தது.