மிதித்தாலும் சாகாது

பலகையில் அப்படி எழுதியது பதியன்காரர்தான். அதனால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்பதே அவருக்குப் பெரிய சிக்கல்.

கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது நர்சரியில் அவர் வேலை. இரண்டு காட்டுப் புதர்களை மகரந்தம் மாற்றிச் சேர்த்து, ஆறு வருஷம் மெனக்கெட்டு, ஒரு கலப்பினத்தை உண்டாக்கியிருந்தார். பாய் விரித்தாற்போல் தரையோடு படரும்; வெயிலுக்கும் காற்றுக்கும் அசராது; சிவப்பாய்ப் பூத்துத் தள்ளும். தாய்ச்செடி ஒன்றே ஒன்று. விதை போட்டால் தாயைப்போல வராது. மழை வருவதற்குள் பதியன் எடுக்காவிட்டால் இனமே அத்தோடு சரி.

பெருமை தலைக்கேறிய ஒரு நாளில் கொட்டை எழுத்தில் எழுதி நட்டார்: 'மிதித்தாலும் சாகாது.'

ரோஜாவுக்கு 'மணக்கும்' என்று எழுதினால் மோந்து பார்க்கிற ஜனம், இதை மட்டும் படித்துவிட்டுச் சும்மா போகுமா? வந்தவர் போனவரெல்லாம் மிதித்தார்கள். மேனேஜர் பூட்ஸோடு ஏறி நின்று, வாங்க வந்தவர்கள் முன்னால் ஒரு சுற்றுச் சுழன்றே காட்டினார். செடியின் நடுவில் தட்டு அளவுக்குக் கருகியது. வேண்டாம் சார் என்று பதியன்காரர் நாலு தடவை சொன்னார். நீங்க எழுதினதுதானே என்று மேனேஜர் சிரித்தார். பதியன்காரர் பலகையைப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் அது பழைய இடத்திலேயே ஆணியடித்து நின்றது. வீட்டுக்குப் போய் டீயில் சர்க்கரை இல்லையென்று மனைவியிடம் கத்தினார். சர்க்கரை இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பூங்காவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மேனேஜர் பூட்ஸ் காலைத் தூக்கினார். பதியன்காரர் ஆத்திரத்தில் ஓடி வந்தார். செடிக்கு முன்னால் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டார்.

"முதல்ல என்னை மிதிங்க சார். அப்புறம் அதும்மேல ஏறுங்க."

"எழுந்திருங்க, ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். பதினாலு வருஷமா மிதிக்கிறீங்களே, செத்தா போயிட்டேன்?"

அங்கேயே பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தார். அவள் பலகையைப் பிடுங்கி அவர் தலைமாட்டில் ஊன்றினாள்.

"இவருக்குத்தான் இது பொருத்தம்" என்றாள். பிறகு செடியருகே உட்கார்ந்து, நல்ல கிளையாகப் பார்த்து வளைத்து மண்ணில் புதைக்க ஆரம்பித்தாள்.

வந்தவர்களில் ஒரு அம்மாள் குனிந்து, இதிலிருந்து எத்தனை கன்று தேறும் என்று கேட்டார். மிதிக்காவிட்டால் முந்நூறு என்றார் பதியன்காரர், படுத்தபடியே. மேனேஜரின் பூட்ஸ் மெதுவாக நடைபாதைக்குத் திரும்பியது.

முதுகில் எறும்பு கடித்தது. இப்போது எழுந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும். கிடந்தார்.