மரியாயி சொன்னது

தரமணியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருந்த லூயிசாவுக்கு அந்த மே மாதம் முழுக்கப் பனி பெய்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கண்ணாடிச் சுவரில் வெள்ளையாய் வழிந்தது. உள்ளே, அவளுடைய திரையில், ஹானா என்ற மருத்துவச்சி இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் முழங்கால் பனியில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது லூயிசாவின் வேலை. அமெரிக்காவில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் நூலகம், தன்னிடமிருந்த நாட்குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இந்த அலுவலகத்துக்கு அனுப்பியது. எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் லூயிசா படித்துவிடுவாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்த அம்மா பரீட்சைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கண்.

ஹானா நிறைய எழுதுகிறவள் அல்ல. 'ஆற்றைக் கடந்தேன். பனிக்கட்டி மெல்லியது. பெண் குழந்தை. தாய் நலம்.' அவ்வளவுதான். ஆனால் நாளாக நாளாக அந்த நாலு வரிகளுக்குள்ளே போய் வருவது லூயிசாவுக்கு அடுத்த தெருவுக்குப் போய் வருவதுபோல ஆகிவிட்டது. மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுகூட நனைந்த கம்பளியின் வாடை மூக்கில் நின்றது.

1799, பிப்ரவரிப் பக்கத்தில்தான் அவள் கை நின்றது. அங்கே 'மதராஸ்' என்று எழுதியிருந்தது.

கப்பல் கேப்டன் ஒருவரின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கேப்டன் கடலில் இருந்தார். மூன்றாம் நாள் தாய்க்கு ஜுரம் கண்டது. ஐந்தாம் நாள் விடியுமுன் செத்துப்போனாள். கடைசிவரை படுக்கையருகில் இருந்தவள் 'மதராஸ் மேரி'. மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள, கேப்டன் இரண்டு வருஷத்துக்கு முன் கப்பலேற்றிக் கூட்டி வந்த ஆயா. அவள் எதையோ குடிக்கக் கொடுத்ததால்தான் எஜமானி இறந்தாள் என்று வைத்தியர் சொன்னார். ஊர் மாஜிஸ்டிரேட் முன்னால் அவளை நிறுத்தினார்கள்.

ஹானா எழுதியிருந்தாள்: 'மேரிக்கு நம் பாஷை ஓரளவு வரும். இன்று ஒரு சொல்லும் வரவில்லை. தன் பாஷையிலேயே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சாபம் இடுகிறாள் என்றார் வைத்தியர். காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதி வைக்கிறேன். நான் சொல்லத் துணியாததை ஒருவேளை அவள் சொல்லியிருக்கலாம்.'

அதற்குக் கீழே இரண்டு வரி. ஆங்கில எழுத்து, ஆனால் எந்தச் சொல்லும் ஆங்கிலம் இல்லை. புரியாததை எழுத்தெழுத்தாய்த் தட்டிவிட்டுப் 'பொருளில்லை' என்று குறியிட வேண்டும் என்பது அலுவலக விதி. லூயிசா அப்படியே செய்தாள். மாலையில் பறக்கும் ரயிலைப் பிடித்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடினாள். அந்த ஒலிகள் போகவில்லை. ரயிலின் தடதடப்போடு சேர்ந்து உதட்டில் தாமாகவே உருண்டன. நான் டன்னி டான் கூடுட்டேன். கருப்பு மருண்டு ஐயா கூடுட்டார். கீழே பக்கிங்காம் கால்வாய் சாயங்கால வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது. நான் டன்னி டான். நான் தன்னி தான்.

லூயிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'நான் தண்ணிதான் குடுத்தேன். கறுப்பு மருந்து ஐயா குடுத்தார்.'

ரயில் பெட்டியில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறோம் என்பதே அவளுக்கு மந்தைவெளி வந்த பிறகுதான் தெரிந்தது.

சாந்தோம் வீட்டில் அவளும் அக்கா ஷெரிலும் மட்டும்தான். ஷெரில் பிரசவ வார்டில் நர்ஸ். பணி முடிந்து வந்து, காலை ஒரு பக்கெட் வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லூயிசா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா அங்க கீறா, இங்கிலீஷ் தெரியும். அப்போ மட்டும் ஏங்க்கா வாய்ல வரல?"

"பயம்டி. வலி வந்தா, பயம் வந்தா, கத்துக்கின பாஷைலாம் முதல்ல ஓடிப் பூடும். எங்க வார்டுல பாரு, அதுவரைக்கும் நல்லா தமிழ் பேசிக்கினு இருந்த பீகார்ப் பொண்ணு, வலி எடுத்ததும் அவங்க அம்மா பாஷைக்குப் பூடுது."

"கறுப்பு மருந்துன்னா?"

"அந்தக் காலத்துல அபினிக் கரைசல் குடுப்பாங்க. நெறம் கறுப்பாத்தான் இருக்கும். அளவு தாண்டிச்சுன்னா தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்." ஷெரில் காலைத் துடைத்துக்கொண்டாள். "ஜுரத்துல கெடந்தவளுக்குத் தண்ணியும் குடுக்க வேணாம்னு சொல்லியிருப்பான், அவ 'ஐயா'ன்னு சொன்ன அந்த வைத்தியன். இந்தப் பொண்ணு மனசு கேக்காம குடுத்துட்டா. அதையே புடிச்சுக்கினான்."

மறுநாள் லூயிசா பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். மரணத்துக்கு முந்தின நாள் ஹானா எழுதிய ஒரு வரியை அவள் யோசிக்காமலேயே தட்டச்சு செய்திருந்தாள்: 'காலையில் நிறைந்திருந்த குப்பி மாலையில் பாதி.' யாருடைய குப்பி என்று ஹானா எழுதவில்லை. அந்த ஊரில் எந்தப் பிரசவத்துக்குப் போனாலும் அந்த வைத்தியரின் முகத்தில்தானே அவள் விழிக்க வேண்டும்? ஹானாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மாஜிஸ்டிரேட் முன்னால் வாய் திறக்கவில்லை.

லூயிசாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. கூட இருக்கிற தோழிமேல் வருகிற மாதிரிக் கோபம். அன்று முழுக்க வேறொரு நாட்குறிப்பை எடுத்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் மனசு கேட்கவில்லை, ஹானாவிடமே திரும்பினாள்.

சாட்சி இல்லை என்று மேரியை விட்டுவிட்டார்கள். ஆனால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. அடுத்த பதினொரு நாளும் ஹானா எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை. 'வீட்டில் இரண்டு தட்டு' என்று மட்டும் எழுதினாள். 'அவள் பேசவில்லை. நான் கேட்கவில்லை. என் போர்வையைக் கொடுத்தேன்.' பன்னிரண்டாம் நாள்: 'என் தம்பியின் கப்பல் கிழக்கே போகிறது. ஏற்றிவிட்டேன். கரையிலிருந்து பார்த்தேன், அவள் திரும்பிப் பார்த்தாள்.'

அதன் பிறகு மேரி இல்லை. பனி உருகியது. ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. குழந்தைகள் பிறந்தன. அலுவலகத்தில் லூயிசா ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டே போனாள். அந்தக் கப்பல் நடுக்கடலில் எங்கோ நிற்பதுபோலவும், தான் பக்கத்தைத் திருப்பினால்தான் அது நகரும் என்பதுபோலவும் அவளுக்கு இருந்தது.

ஜூன் கடைசியில் 1802-க்கு வந்து சேர்ந்தாள். 'தம்பி திரும்பினான். மதராஸ் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று கொண்டுவந்தான். அங்கே செந்தோமே என்ற இடத்தில் ஒரு பெண் கொடுத்தனுப்பினாளாம். ஓரத்தில் சிவப்பு நூலால் பூவேலை. அழகாக இருப்பதால் இங்கே வரைந்து வைக்கிறேன்.'

கீழே மையால் ஒரு வரிசை வளைவுகள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. நூலகத்தின் குறிப்பில் 'அலங்கார வேலைப்பாடு' என்று போட்டிருந்தது. லூயிசா வெகுநேரம் பார்த்தாள். அந்த வளைவுகளில் ஏதோ ஒன்று, கூட்டத்தில் முதுகு காட்டி நிற்கிற தெரிந்தவர்போல இருந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

'நான சுகம மரியாயி.'

அந்தக் காலத்தில் எழுதுகிற மாதிரியே புள்ளி வைக்காத எழுத்து. நான் சுகம். மரியாயி. தமிழ் படிக்கத் தெரியாத ஹானா கைக்குட்டையைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சுழி விடாமல் வரைந்திருந்தாள்.

லூயிசா எழுந்து போய்க் குழுத் தலைவர் சாய்சரணிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தலையை ஆட்டினார்.

"நாம படிச்சு டைப் பண்றவங்க. அர்த்தம் சொல்றது நம்ம வேல இல்லம்மா. காண்ட்ராக்ட்லயே கீது."

"சார், அந்த லைப்ரரி லிஸ்ட்டுல இந்தப் பொண்ணுக்குப் பேரே இல்ல. விஷம் வெச்ச வேலைக்காரின்னு போட்டு வெச்சிருக்காங்க."

"எரநூறு வருஷமா அப்படித்தான கீது?"

"எரநூறு வருஷமா தமிழ் தெரிஞ்ச யாரும் அதப் படிக்கல சார். இப்போ நான் படிச்சுட்டேன். பொருளில்லைன்னு எப்படிப் போடுவேன்?"

சாய்சரண் எழுந்து அவள் திரைக்கு வந்தார். குனிந்து, அந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்தார். "சுகம்" என்று இன்னொரு தரம் சொன்னார். பிறகு, "எழுதிக் குடு. என் பேர்ல அனுப்புறேன். ஏதாவது கேட்டா நான் பாத்துக்குறேன்" என்றார்.

பதில் வர ஒரு மாசம் ஆயிற்று. நூலகத்துக்காரர்கள் அங்கே தமிழ் படித்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டார்கள். விஷம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'மரியாயி, மதராஸ் சாந்தோமைச் சேர்ந்தவள்' என்று மாற்றினார்கள். அவள் சொன்ன இரண்டு வரியையும் தமிழிலேயே போட்டார்கள். வைத்தியரைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆராய்வார்களோ, மாட்டார்களோ.

லூயிசா தன் பங்குக் கோயிலில் பழைய அடக்கப் பதிவேட்டையும் கேட்டுப் பார்த்தாள். இருந்த பக்கங்களில் ஏழு மரியாயிகள் இருந்தார்கள். கரையான் தின்ற பக்கங்களில் எத்தனை பேரோ. எவள் பெயருக்கு நேராகவும் கடல் தாண்டிப் போய் வந்தவள் என்று எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மீன்குழம்புச் சாப்பாடு முடிந்து, ஜன்னலோரம் சாய்ந்திருந்தபோது அவளுக்குக் கண் சொருகியது. கடற்காற்றில் திரைச்சீலை உப்பியது. ஹானா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறத் தொப்பி, வெடித்த கைகள், பூட்ஸில் இன்னும் பனி. சாகிறவரை அந்தக் கைக்குட்டையில் இருந்தது பூ என்றே நினைத்திருந்தவள்.

"அது பூ இல்லம்மா" என்றாள் லூயிசா. "நல்லா கீறேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. நீங்க ஏத்திவுட்ட கப்பல் ஊரு வந்து சேந்துச்சு. நீங்க அன்னிக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அவ உங்கள மறக்கல."

தமிழில்தான் சொன்னாள். ஹானா தலையைக் குனிந்துகொண்டாள். பூட்ஸிலிருந்து பனி உருகி, சிமெண்ட் தரையில் மெல்ல ஓடியது.

"யார் கிட்டடி பேசிக்கினு கீற?" ஷெரில் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஹானா கிட்டக்கா."

"இன்னா சொல்றாங்க?"

லூயிசா கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் சொல்லல. அழறாங்க."

"அழட்டும். டீ போடவா?" என்றாள் ஷெரில்.