கை காட்டும் ஆள்

விடிந்தும் விடியாததுமாக பம்பாய் மாதுங்காவின் ஒரு தெருவில் கிரேன் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் மரவெட்டி பூலோகம் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு கிளையை அறுத்தான். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து ரம்பப் பிடி வழுக்கியது. வியர்வையில் மரத்தூள் ஒட்டி உடம்பெல்லாம் அரித்தது. அது அறுபத்தைந்தாம் வருஷத்து மே மாதக் கடைசி. இன்னும் பத்தே நாளில் மழை இறங்கிவிடும். அதன் பிறகு நான்கு மாதம் மரவேலை கிடையாது. தாராவிக் குடிசைகளில் அடுப்பும் எரியாது.

இரண்டாம் மாடி வேங்கடசுப்ரமணியன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கிளை மட்டும் போகட்டும். நிழல் அப்படியே இருக்கணும், தெரிஞ்சுதா?"

"நெழலத் தனியா எறக்கி வச்சிருதேன் சாமி. ஆபீஸ் விட்டு வந்து எடுத்துக்கிடுங்க."

கீழே சுள்ளி பொறுக்கிய ஆறுமுகத்தாய்கூடச் சிரித்துவிட்டாள். ஆறு நாளாக அவள் சிரிக்கவில்லை.

ஆறு நாளுக்கு முன் செம்பூரில் அவள் கணவன் இசக்கிப்பாண்டியின் இடுப்பு நசுங்கியது இதே கிரேனில்தான். கிரேன் ஓட்டுகிறவனுக்கு இலைக்கூட்டத்துக்குள் எதுவும் தெரியாது. இரைச்சலில் எதுவும் கேட்காது. கீழே நின்று கை காட்டுகிறவனின் கையைப் பார்த்துத்தான் தூக்குவான், இறக்குவான். அந்த வேலையிலிருந்த பிச்சையாவை, 'சும்மா நின்று கையை ஆட்டக் கூலியா?' என்று காண்டிராக்டர் கணேசபாண்டியன் நிறுத்திவிட்டார். தாமே கை காட்டினார். தெருவில் போன தெரிந்த சேட் ஒருவரைப் பார்த்து அவர் கையசைக்க, இறக்கச் சொல்கிறார் என்று கிரேன் ஓட்டும் வெயிலுமுத்து கிளையை இறக்கிவிட்டான். கீழே இசக்கிப்பாண்டி நின்றிருந்தான்.

அவன் இனி நடப்பானா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவனுடைய வேலைக்கு ஆறுமுகத்தாய் அரைக்கூலியில் வந்திருக்கிறாள். நம்ம ஊர்க்காரர் என்று நம்பி வந்து இந்தப் பம்பாயில் எத்தனை பேர் முதுகு ஒடிந்ததோ! கணேசபாண்டியனும் ஊர்க்காரர்தான்.

இப்போது முக்கால்வாசி அறுத்த கிளையைக் கிரேன் சங்கிலி தாங்கி நின்றது. ஒரு தூக்குத் தூக்கினால் ஒடிந்து வந்துவிடும். கணேசபாண்டியன் கையை உயர்த்தினார். எஞ்சின் அணைந்தது.

"எவம்ல அமத்துனது?"

"நாந்தான் மொதலாளி." வெயிலுமுத்து லிவரிலிருந்து கையை எடுத்தான். "பிச்சையாண்ணன் வந்து கை காட்டட்டும். தூக்குதேன்."

"ஏன், எங் கையில என்னல கொறச்சல்?"

"அன்னைக்கு அந்தக் கையப் பாத்துத்தான் ஒருத்தனச் சாய்ச்சேன். இன்னைக்குப் பூலோகம் மேல நிக்கான்."

"அப்பம் எறங்கிப் போல! குர்லாவுல கிரேன்காரனே இல்லையா? ஏ ஆறுமுகத்தாயி, ஒனக்கு வேல வேணும்லா? பெறக்கு!"

அன்றைய அரைக்கூலியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி போக வேண்டும். ஆறுமுகத்தாய் மேலே பார்த்தாள். பூலோகத்தின் கால்கள் கிளையைக் கவ்வியிருந்தன.

"அவனும் ஒருத்திக்குப் புருசன்தான மொதலாளி." சுள்ளிக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கிரேன் சக்கரத்தடியில் உட்கார்ந்தாள். வெயிலுமுத்து வந்து உட்கார்ந்தான். பூலோகமும் இறங்கினான். சேதி கேட்டுத் தாராவியிலிருந்து பிச்சையா ஓடிவந்து அவர்களோடு உட்கார்ந்தார்.

ஆபீஸுக்குக் கிளம்பிய வேங்கடசுப்ரமணியன் நின்று பார்த்தார். "கிளையும் இருக்கு, நிழலும் இருக்கு. இதுக்கா விடியக்காலம் எழுப்பினேள்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பயமாக இருந்தது.

நடுப்பகலில் கணேசபாண்டியன் டாக்சியில் குர்லாவிலிருந்து ஒரு கிரேன்காரனைக் கொண்டுவந்து இறக்கினார். பெயர் பஞ்சு. ஒட்டிய வயிறும் கிழிந்த செருப்புமாக இருந்தான். நான்கு பேருக்கும் அவனைத் திட்ட வாய் வரவில்லை. பஞ்சு யாரையும் பார்க்காமல் கிரேனில் ஏறினான். எஞ்சின் உறுமியது. லிவரில் கை வைத்தவன் சங்கிலியைப் பார்த்தான். தரையை இருபுறமும் பார்த்தான்.

"கை காட்டுற ஆளு யாருங்க?"

"நான்தான். தூக்கு!"

"நீங்க மொதலாளி. ஆளு யாருன்னு கேட்டேன்."

பஞ்சு சக்கரத்தடியில் இருந்தவர்களை அப்போதுதான் நன்றாகப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். இறங்கி ஆறுமுகத்தாயின் அருகில் வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி."

நான்கு பேரும் நெருங்கி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.