கயிறு இல்லாத பக்கம்

என் மகளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. விளையாட்டு நேரம் வந்தால் வாத்தியார் அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிடுவார். போய்க் கேட்டேன். "கை தட்டவாவது வரும்ல, தட்டட்டும்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் மூட்டை தூக்குகிறவன். எத்தனையோ பாரம் இறக்கியிருக்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் இரண்டு வருடமாக இறக்க முடியவில்லை.

பிறகு அவள் மணிப்பந்து பழகினாள். பந்துக்குள் மணி இருக்கும். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, உருண்டு வரும் சத்தத்தைக் கேட்டு, பின்னால் இருக்கும் கோலுக்குள் போகாமல் படுத்துத் தடுக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டுவார்கள். எங்கே நிற்கிறோம் என்பதைக் காலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கும் வாத்தியார்களுக்கும் ஆட்டம் வைத்தார்கள். அந்த வாத்தியாரும் இறங்கினார். கோடு போடுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். பிள்ளைகள் பக்கம் கயிறு வைத்தேன். அவர் பக்கம் வெறும் டேப்.

வாத்தியார் தடவித் தடவிக் கோலுக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். சத்தம் போடக் கூடாதென்பதால் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. மூன்று கோல். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றினார்கள். பழகும்போது அவர்கள் மாறி நான் பார்த்ததே இல்லை.

மகள் கால்விரலால் கோட்டைத் தேடினாள். மறுபடியும் தேடினாள். என் இருமல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இங்க கயிறு வைக்கலையா?"

"மறந்துட்டேன்மா."

"நீங்களா மறப்பீங்க?" கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவர் தோத்தா என்கிட்டதான் தோக்கணும். உங்ககிட்ட இல்ல. வைங்க."

போட்ட கோல் எதுவும் வேண்டாம், முதலிலிருந்து ஆடலாம் என்று நடுவரிடம் அவளே சொன்னாள். நான் முட்டி போட்டு டேப்பை உரித்தேன். வாத்தியார் கண்கட்டைத் தூக்கிவிட்டு என் பக்கத்தில் நின்று பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அவர் காலடியிலும் கயிறு இருந்தது. ஐந்து கோல் விட்டார். ஐந்தும் மகள் போட்டது.

மூச்சு வாங்கச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அந்த மூச்சைக் கேட்டே மகள் அவரிடம் போனாள்.

"கை தட்டுங்க சார். அதுவாவது வரும்ல?"

தட்டினார். சீக்கிரமே நிறுத்திவிட்டார்.