ஊசி சொன்ன நல்ல வார்த்தை

அக்காவின் ஒன்பதாவது காதல் நாவல் வெளிவந்த மாதம் அவளுக்குக் கண்ணாடி தேவைப்படாமல் போனது. பத்தாவது வந்தபோது நரைமுடியெல்லாம் உதிர்ந்து அடர்த்தியாகக் கருமுடி முளைத்தது. பதினோராவதுக்குப் பிறகு அவளுக்கு வயது முப்பத்தைந்துதான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. அடையாள அட்டை மட்டும் ஐம்பத்தொன்று என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன எண்ணெய் தேய்க்கிறாள் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். காரணம் எண்ணெய் இல்லை. யாராவது அவளுடைய நாவலைப் படித்துவிட்டு 'அருமை' என்று சொன்னால் அவளுக்கு வயது கொஞ்சம் குறைந்தது. ஒரு ஆள் சொன்னால் அரை நாள் கூடக் குறையாது. ஆனால் அவளுக்கு வாசகர்கள் ஏராளம், அவர்களும் தாராள மனசுக்காரர்கள்.

அவளுடைய தங்கை பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். எல்லாரும் அவளை ஊசி என்பார்கள். மற்றவர்கள் 'இதோ வந்துடும்' என்று ஒப்புக்குச் சொல்லுமிடத்தில் அவள், 'அந்த வண்டி வராது, வீட்டுக்குப் போங்க' என்பாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம், மாப்பிள்ளை தன் கவிதைகளைப் படித்துக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதால் நின்றுபோனது. அதற்குப் பிறகு அக்கா வீட்டு மாடியறையே அவள் வீடு. கீழே முன்னறைக் கடையில் அத்தான் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருப்பார். வீடு முழுக்க வார்னிஷ் வாசனை. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊசிக்குக் காதல் நாவல் என்றால் உயிர். சாப்பிடும்போது படிப்பாள், பல் தேய்க்கும்போது படிப்பாள், ஜன்னலில் ஆள் வந்து இருமினால்தான் தலையைத் தூக்குவாள். ஆனால் அக்கா தன் நாவல்களை மட்டும் அவள் கண்ணில் படாமல் துணி அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். கவிதை எழுதிய மாப்பிள்ளை அழுதுகொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள்.

பன்னிரண்டாவது நாவல் எப்படியோ ஊசியின் கையில் சிக்கியது. தொழிலதிபர் நாயகன், கோபக்காரன். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஏழைப் பெண். ஊசி படித்து முடித்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். "உன் ஆளு மூணு தடவை அவ கையைப் பிடிச்சு இழுக்கிறான். மூணு தடவையும் அவ வெட்கப்படுறா. என் கையைப் பிடிச்சு இழுத்திருந்தா கன்னத்துல ஒண்ணு விழுந்திருக்கும். அவனுக்குத் தேவை காதலி இல்லைக்கா, டாக்டர்." அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலை அவள் நெற்றியோரம் ஒரு நரை இருந்தது. பூசி மெழுகாமல் சொன்ன குறை ஒன்று அவளை ஒரு வயது மூத்தவளாக்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஒரே குறையை இரண்டாம் முறை சொன்னால் பலிக்கவில்லை. பொய்க்குறையும் பலிக்கவில்லை; அத்தான் நல்லெண்ணத்தில், இரண்டு பக்கம் மட்டும் புரட்டிவிட்டு 'மட்டம், படு மட்டம்' என்று சொல்லிப் பார்த்ததில் வயது ஏறவில்லை, ஒரு வாரம் பேச்சுவார்த்தைதான் நின்றது. காதல் கதைதானே என்று இளக்காரம் பேசிய பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் படிக்காமல் திட்டியதால் அந்தத் திட்டும் ஒட்டவில்லை.

ஆகவே, இறங்குகிற வயதைப் பிடித்து நிறுத்த, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி படித்தாள், அக்கா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். ஒப்பந்தத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் எப்போதும் ஒரே கட்டில் உள்ள அறையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஊரில் கட்டில் கடையே இல்லையா என்றாள். கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடுகிற பெண் அதற்கப்புறம் படியில் விழாமல் எப்படி நடக்கிறாள் என்றாள். மழை வந்தால் முத்தம், காய்ச்சல் வந்தால் முத்தம், ஜலதோஷத்தைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லையா என்று கேட்டாள். அக்கா அழுவாள், மூக்கைச் சிந்துவாள், ஒரு வயது கூடி எழுந்துபோவாள். இரண்டு வருஷம் அப்படியே ஏறுவதும் இறங்குவதுமாகச் சமாளித்தார்கள்.

வந்த வினையே அதில்தான் இருந்தது. அக்கா அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, திருத்திக்கொண்டாள். அடுத்த நாவலில் யாரும் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. அதற்கடுத்ததில் இரண்டு கட்டில். ஊசி சொல்லச் சொல்ல நாவல்கள் நன்றாக வந்தன, வாசகர்கள் பெருகினார்கள், பதிப்பாளர் எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றினார். அங்கே 'அருமை' என்று சொல்ல வாய் கூட வேண்டாம், ஒரு இதயத்தை அமுக்கினால் போதும். பேருந்தில் நின்றபடியே அமுக்கினார்கள். அக்கா இருபத்தைந்தைத் தாண்டிக் கீழே போனாள். காதல் நாவல் எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதைக்கு மாறினாள். உலகத்தைக் காப்பாற்றும் பெண்கள், அவர்களுக்காகச் சண்டை போடும் இரண்டு பையன்கள். "எல்லாக் கதையிலயும் அப்பா அம்மா வெளியூர் போயிடறாங்க, இல்லேன்னா செத்துப்போயிடறாங்க. இந்தப் புள்ளைக்குச் சோறு யார் போடறா?" என்றாள் ஊசி. அந்தக் குறைக்கு ஒரு வயது ஏறியது. அந்த வாரத்து இதயங்களுக்கு மூன்று இறங்கியது.

அக்கா பதினாறுக்கு வருவதற்கு வெகு முன்பே அத்தான் தன் கட்டிலைக் கடைக்கு மாற்றிக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு 'அம்மாடி' என்று கூப்பிட ஆரம்பித்தார். எழுதுவதையே நிறுத்தினால் என்ன என்று அக்கா ஆறு மாதம் பேனாவைத் தொடாமல் இருந்து பார்த்தாள். பழைய நாவல்களுக்கு இதயம் விழுவது நிற்கவில்லை. எழுதாததால் அழுகையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் மிச்சம். அவளுடைய செருப்பு ஒவ்வொன்றாகப் பெரிதாகிப்போனது. ஊசி ஜன்னலில் உட்கார்ந்து குறை தேடினாள், காலை தேடினாள், மத்தியானம் தேடினாள். அக்காவுக்குப் பதினொரு வயது ஆனபோது குறைகள் தீர்ந்துபோயிருந்தன, அக்காவிடம் ஒரு புதிய கைப்பிரதி இருந்தது.

கதை இவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது. சைக்கிள் கடைப் பையனை அவளுக்குப் பிடிக்கிறது. அவனுக்கு அவளைப் பிடிக்கவில்லை. கெட்டவனும் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் உயிரோடு, உள்ளூரில், பக்கத்து அறையில் இருக்கிறார்கள். கடைசியில் அவள் காற்றுப்போன சைக்கிளை அவன் கடையைத் தாண்டித் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். ஊசி அதை ஜன்னலில் உட்கார்ந்து படித்தாள். பல பேர் அன்றைக்கு வண்டியைத் தவறவிட்டார்கள். குறை குறித்துக்கொள்ள எடுத்த பேனாவைக் கடைசியில் மூடி வைத்தாள். ஒரு குறை இல்லை. முதலிலிருந்து மறுபடி படித்தாள், இல்லை. கதைப் புத்தகம் என்றாலே எரிந்து விழுகிற ஓட்டுநர் ஒருவரைக் கெஞ்சிப் படிக்கவைத்தாள். அவர் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊசி பேருந்து நிலையக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

அடுத்த நான்கு நாளும் அவள் அக்கா கண்ணில் படாமல் மாடியறையிலேயே சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் அக்கா மாடியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கால் தரையில் எட்டவில்லை.

"முடிச்சுட்டியா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

"பொய். கண்ணு வீங்கிக் கிடக்கு. எப்படி இருக்கு, சொல்லு."

"கேக்காதேக்கா. உன் காலைப் பிடிச்சுக்கறேன், இதை மட்டும் கேக்காதே."

"ஊரே சொல்லுச்சு, ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பலை. உனக்காகத்தான் இத்தனை வருஷமா திருத்தித் திருத்தி எழுதினேன்."

"சொன்னா நீ இருக்க மாட்டே."

"சொல்லலேன்னா? எழுதினது நல்லதா கெட்டதான்னே தெரியாம நான் இருந்து என்னடி பண்றது?"

ஊசி கைப்பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெட்டது என்று சொல்லலாம்; வயது ஏறாது, அக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சின்ன முகத்தில் ஐம்பது வருஷத்துப் பழைய கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "நல்லா இருக்குக்கா," என்றாள். "அவ சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்ற இடத்துல எனக்கு மூச்சே நின்னுபோச்சு. ஒரு வரி எடுக்க முடியாது." ஆயுசுக்கும் யாருக்கும் கொடுக்காத நல்ல வார்த்தை, மொத்தமாகச் சேர்ந்து கனத்தோடு போய் விழுந்தது. அக்காவின் முகம் அப்படி மலர்ந்ததை ஊசி அதற்கு முன் பார்த்ததில்லை. மலர்ந்துகொண்டிருக்கும்போதே சட்டைக் கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. கட்டிலில் நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தங்கையை மட்டும் அதற்கு அடையாளம் தெரிந்தது. பசிக்கிறது என்றது.

புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. வெளியான முதல் நாள் காலையே விழும் இதயங்களுக்கு நான்கு வயது எந்த மூலைக்கு? ஊசி பதிப்பாளரிடம் போய்க் கதறினாள். நிறுத்த முடியாது, விளம்பரம் கொடுத்தாகிவிட்டது என்றார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. மேடையில் நான்கு வயதுக் குழந்தையை எழுத்தாளர் என்று உட்காரவைக்க முடியாது. ஒருமுறை அவர் அக்காவின் நாவல் ஒன்றைத் தன் மனைவி பெயரில் வெளியிட்டு, அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி போய் ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்தது அவர்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாள் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. பாராட்டு, கதை எழுதியவரைத் தேடி வருவதில்லை, அட்டையில் உள்ள பெயரைத்தான் தேடி வருகிறது. ஊசி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பழையது புதியது எல்லாவற்றிலும் தன் பெயரைப் போடச் சொன்னாள். அக்காவிடம் சொன்ன அந்த 'ரெண்டு பக்க'த்தை விட்டால், வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அது அச்சில் வந்தது.

அத்தானிடம் சொன்னபோது அவர் கம்பியைக் கீழே வைக்காமலே கேட்டார். "இதயம் விழறது நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா நான் போறேன். அவ இருப்பா. அக்காவுக்குத் தலை வாரத் தெரியுமா உங்களுக்கு?"

"காயில் கட்டறவனுக்குப் பின்னல் வராதா?" என்றார் அத்தான்.

புத்தகம் வெளிவந்தது. முதல் மாதத்தில் ஊசிக்கு முதுகுவலி போனது. மேடைகளில் சால்வை போர்த்திக் கைதட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாம் மாதம் வயது முப்பதுக்கு இறங்கியது. தனக்குத் தானே குறை சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. இன்னொருத்தர் குறை சொல்ல மாட்டாரா என்று ஏங்கினாள். புத்தகத்தில் குறை இல்லை, அதை அவளே நன்றாக்கிவிட்டிருந்தாள். பதினான்கு வயதுக்காரியை வேலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று பேருந்து நிலையத்தில் வருத்தத்தோடு அனுப்பிவிட்டார்கள். பத்து வயதில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து, "அத்தான், எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஐந்தில் படம் மட்டும் பார்த்தாள். அத்தான் தினமும் செயலியைத் திறந்து இதயங்களைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மூலையில் போய் நின்று அழுதார். அவள் மூன்று வயதைத் தாண்டி இறங்கிய வாரத்தில் வேறொரு எழுத்தாளரின் நாவல் வந்தது. பிரிந்த காதலர்கள் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரும் கதை. ஜனங்கள் அத்தனை பேரும் அங்கே போய்விட்டார்கள், பழையதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஊசிக்கு இரண்டு வயதில் நின்றது.

அதற்குப் பிறகு இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலத் தாமாகவே வளரத் தொடங்கினார்கள். வருஷக் கடைசியில் ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த புது வாடிக்கையாளர், கடைத் தரையில் செம்புத் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தார்.

"ரெண்டும் உங்க பிள்ளைங்களா?"

"பெரியவ என் வீட்டுக்காரியா இருந்தவ. சின்னவ அவ தங்கச்சி," என்றார் அத்தான். "இப்ப ரெண்டும் என் பிள்ளைங்க."

"நல்லது," என்றார் வந்தவர். "சின்னதுக்கு மூக்கு ஒழுகுது பாருங்க."

அத்தான் எழுந்திருப்பதற்குள் பெரியவள் தன் சட்டை நுனியால் தங்கையின் மூக்கைத் துடைத்து, அழாதே என்று அதட்டினாள். வந்தவர் மோட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். நாளை மாலை வரச் சொன்னார் அத்தான்.