முப்பத்திரண்டு நிழல்கள்

அந்தத் தெருவில் நிற்கும் செல்போன் டவருக்கு முப்பத்திரண்டு நிழல்கள். தெருவில் உள்ள முப்பத்துநான்கு வீடுகளில் முப்பத்திரண்டின் மேல் வீட்டுக்கு ஒன்றாக விழுகின்றன. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவை பார்ப்பதில்லை. மழைநாளிலும் விழும், ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து விழும். மிச்சமுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று, அந்த டவரைத் தன் மொட்டைமாடியிலேயே வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரனுடையது. இன்னொன்று, தெருக்கோடியில் இருக்கும் பழைய லாரி டிரைவருடையது. நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து இரண்டு நாள் டேப் பிடித்து அளந்தார். டவர் உறுதியாக இருக்கிறது, நிழல் தங்கள் துறையில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டவர் வரப்போகிறது என்று தெரிந்த நாளில், வேண்டாம் என்றுதான் தெருவே ஒரே குரலில் நின்றது. தலைவலி வரும் என்றார்கள், குழந்தைகளுக்கு ஆகாது என்றார்கள், நாளைக்கு வீட்டை விற்கப் போனால் எவன் வாங்குவான் என்றார்கள். எல்லாரையும்விடப் பெரிய குரல் ஜெராக்ஸ் கடைக்காரனுடையது. தெருச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். மனு கொடுப்பது என்று முடிவானது. அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு: முதலில் கையெழுத்து, பிறகுதான் மனு. முன்பு ஒரு தடவை குடிநீருக்காக மனு எழுத உட்கார்ந்து, 'பணிவுடன்' என்று தொடங்குவதா 'வன்மையாக' என்று தொடங்குவதா என்று ஏழு மாதம் சண்டை நடந்து, அதற்குள் குழாயே துருப்பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வெற்றுத்தாளில் கையெழுத்தை வாங்கிச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார்கள். மேலே எழுதுவது அவன் பாடு. அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அதுவரை.

தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் அவனுடைய தங்கை. பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவில் பாதிப் பிள்ளைகளின் தோள் அளவும் இடுப்பு அளவும் அவளுக்கு மனப்பாடம், ஆகையால் அவளுக்குத் திறக்காத கதவு இல்லை. முதல் கையெழுத்தை அவளே போட்டாள். மூன்று நாளில் முப்பத்திரண்டு சேர்ந்தது. லாரி டிரைவர் மட்டும் மாட்டேன் என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும், எதையும் யாராவது வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைத் தொடுவார்.

"வாசிச்சுக் காட்டும்மா," என்றார்.

"இன்னும் ஒண்ணும் எழுதல தாத்தா. அண்ணன் அப்புறம் எழுதும்."

"அப்ப எழுதிட்டு வா."

தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் கிரேன் வந்தது. இரும்புச் சட்டங்கள் ஜெராக்ஸ் கடைக்காரன் வீட்டு மாடிக்கு ஏறின. மறுநாள் காலையில் நிழல்களும் வந்துசேர்ந்தன. தையற்காரியின் வீட்டில் அது துணி வெட்டும் மேசையின் மேல், குறுக்கும் நெடுக்குமாக விழுந்தது. முதல் வாரம் சாக்பீஸ் கோடு எது, நிழல் கோடு எது என்று தெரியாமல் வெட்டி ஒரு வெள்ளைச் சட்டையைப் பாழாக்கினாள். தனக்கு மட்டும் ஏன் நிழல் இல்லை என்று யோசித்தவர் டிரைவர். சும்மா இருக்க முடியாமல் நகராட்சி அலுவலகத்துக்கே போய், ஃபைலைத் தேடியெடுக்க வைத்து, குமாஸ்தாவை வாசித்துக் காட்டச் சொன்னார். டவர் வைப்பதற்கு இத்தெருவாசிகளாகிய நாங்கள் முழு மனதுடன் சம்மதிக்கிறோம் என்று இருந்தது. கீழே முப்பத்திரண்டு கையெழுத்து, முதலாவது தையற்காரியுடையது. அவர் திரும்பி வந்து அதைத் தெருவில் சொன்னபோது யாரும் மாடியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். தாளோடு வந்தவள் அவள்தானே.

அவள் செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். அவன் யாருடைய மதிப்பெண் சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தான். மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல என்னண்ணா எழுதின?"

"எப்படியும் யார் வீட்டுலயாவது வரத்தான் போகுது. நம்ம வீட்டுல வந்து வாடகை கிடைச்சா என்ன தப்பு? உனக்கும் சேர்த்துத்தான் செஞ்சேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு தெருவுல ஒரு வார்த்தை சொல்லிடு. அது போதும்."

"சொல்றேன், சொல்றேன்."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைத் தன் கூடப்பிறந்தவனே தன் கையில் தாளைக் கொடுத்துச் செய்திருக்கிறான் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் சொல்வான் என்று காத்திருந்தாள், இதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு போனது. அவளுக்குக் காகிதக்காரி என்று பெயர் விழுந்தது. சீருடைகள் பக்கத்துத் தெருத் தையல்கடைக்குப் போயின. எதிரே வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு மொத்தக் கடைக்குத் தலையணை உறை தைத்து வயிற்றைக் கழுவினாள். டிரைவர் மட்டும் கிழியாத சட்டையைக்கூடக் கொண்டுவந்து பித்தான் தைக்கக் கொடுத்தார்.

இதற்கிடையில் தெரிந்தது இன்னொரு சங்கதி: அந்தத் தெருவில் சிக்னல் நிழல் விழும் இடத்தில்தான் கிடைத்தது. டிரைவரிடம் போனே இல்லை, அவருக்குக் கவலையுமில்லை. ஜெராக்ஸ் கடைக்காரனின் பாடுதான் திண்டாட்டம். மனைவியை இழந்தவன், ஒரே மகள் தூர ஊரில் வேலை பார்த்தாள். அவளிடம் பேசுவதற்குத் தன் வீட்டில் மாடிப்படி ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துவிட்டு, நிழல் விழும் வீடுகளின் கதவைத் தட்டினான். முப்பத்தோரு வீடுகள் கதவைத் திறக்கவில்லை. தங்கை திறந்தாள். அண்ணனுக்காக இல்லை, தாயில்லாத அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதுவரை தலை பின்னிவிட்டவள் அவள்தான். ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு அவன் வருவான், வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நிழலுக்குள் நின்று பேசுவான்.

ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையிடம் ஏன் இப்போது யாரும் துணி கொடுப்பதில்லை என்று மகள் போனில் அவனைக் கேட்டுவிட்டாள். அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அந்தத் தாள்ல நான்தாம்மா எழுதினேன். உங்க அத்தைக்கு ஒண்ணும் தெரியாது," என்றான்.

தையல் மிஷின் நின்றது. "இதையே வாசல்ல நின்னு சொல்லுண்ணா," என்றாள் தங்கை. "ஒரே ஒரு தடவை."

அவன் வாசலுக்குப் போனான். தெருவில் நல்ல கூட்டம். காய்கறி வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டிரைவர். செயலாளர் தொண்டையைக் கனைத்ததும் எல்லாரும் திரும்பினார்கள். தங்கை கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில தண்ணி வராது. எல்லாரும் இப்பவே பிடிச்சு வெச்சுக்கோங்க," என்றான்.

ஜனங்கள் குடத்தைத் தேடி ஓடினார்கள். மறுநாள் தண்ணீர் வழக்கம்போல் வந்தது.

இப்போது அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்கள் நிழல் எந்த அறையில் விழுகிறது என்று கேட்கிறார்கள். படுக்கையறை என்றால் வாடகை கொஞ்சம் கூடுதல். அவன் ஞாயிறு தவறாமல் வருகிறான். நிற்க முடியாத வயது, நிழலுக்குள் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். மகள் மட்டும், அவன் வாசலுக்குப் போன அந்த ஞாயிறுக்கு மறுவாரமே, போனில் விடாமல் கேட்டாள், "அத்தை, அப்பா வெளிய போய்ச் சொன்னாரா?"

"சொன்னாரும்மா," என்றாள் தையற்காரி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "தண்ணி வராதாம்."