குதிரைவாலிக்குப் பதினாறாம் நாள்

எங்கள் வட்டாரத்தில் ஒரு வயலுக்கு நோய் கண்டால் மற்ற வயல்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும். வெயில் தாழ்ந்த பிறகு, வரப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பயிரும் தண்ணீருமாக எழுந்து கிளம்பும். ரோட்டில் ஈரம் சொட்டிக்கொண்டே போகும். டவுன் பஸ் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். நோயாளி வயலை ஒட்டி நின்று கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும்.

பயிர் நோய் எப்படிப் பரவுகிறது என்று கவனித்து மேலே சொல்வது என் வேலை. சம்பா நடவு முடிந்த சமயத்தில்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தேன். நான் படித்த படிப்பில் காற்று, பனி, அதிகமாகப் போட்ட யூரியா, இவ்வளவுதான் உண்டு. அதனால் மேலப்பங்கு என்கிற வயலில் குலைநோய் கண்டதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் மருந்தடிக்கச் சொன்னேன். நோய் எதிர்க்காற்றில் இரண்டு ஊர் தாண்டிப் போய் ஒரு வயலில் இறங்கியது. நடுவில் இருந்த வயல்களில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"காத்தை ஏன்யா பாக்குறீங்க, உறவைப் பாருங்க" என்றார் என் மேலதிகாரி ஞானசுந்தரம். "நடுவுல இருக்குறதெல்லாம் மேலப்பங்கோட பேச்சுவார்த்தை இல்லாத வயலுங்க. வரப்புத் தகராறு."

உறவைப் பார்த்தேன். குழப்பம் கூடிற்று. ஒரே மண்ணில் வேர் விட்டவை பங்காளிகள். நாற்றுக் கொடுத்த வயலும் வாங்கிய வயலும் சம்பந்திகள். மேலப்பங்கில் நோய் கண்ட பரப்பை அளக்கப் போனால் அங்கே மூன்று வயல்கள் விசாரிக்க வந்து நெருக்கியடித்து நிற்கின்றன. எது யாருடைய பயிர் என்று தெரியவில்லை. வந்த வயலை வந்த இடத்துக் கணக்கில் சேர்ப்பதா, சொந்த இடத்துக் கணக்கில் சேர்ப்பதா என்று ஞானசுந்தரத்திடம் கேட்டேன். கிளம்பின பிறகு அளக்கச் சொன்னார். இரண்டு கிளம்பின. மூன்றாவது வெகுநாள் கழித்து வந்திருந்ததால் இரண்டு நாள் தங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் செங்கமலம் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. முக்கோணம் என்று பேர்பெற்ற ஒரு துண்டு வயல், அதில் விளைவதுதான் அந்த வீட்டுக்கு வருஷச் சோறு. பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. நோய் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

"எங்க வயலு மட்டுந்தான் மேலப்பங்கை இன்னும் போய்ப் பாக்கல தம்பி. கெளம்புறேன், கெளம்புறேன்னு நிக்கிது. நான்தான் வரப்புல குந்திக்கிட்டுப் புடிச்சு வச்சிருக்கேன்."

"போக வேணாம்க்கா. போனா ஒட்டிக்கும்."

"போவாம எப்புடி? நாத்து குடுத்த வயலுல்ல அது. எங்களுக்குத் தண்ணியும் அது வழியாத்தான் வருது. ஒடம்புக்கு முடியாம கெடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கலன்னு மனசுல வச்சுக்கிட்டு மடைய அடைச்சுப்புட்டா? பால் புடிக்கிற நேரத்துல தண்ணி நின்னா அம்புட்டும் பதருதான்."

போனால் நோய், போகாவிட்டால் தண்ணீரில்லாக் காய்ச்சல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அக்கா போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்க்க வராவிட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத ஆள் ஊரில் யார் என்று யோசித்தேன். தீட்டுக்காரர்கள்தான். துக்கம் விழுந்த வீட்டிலிருந்து யாரும் இன்னொரு வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போவதில்லை. ஆக, முக்கோணத்துக்கு ஒரு சாவு வேண்டும்.

வயலுக்குப் போய்ப் பார்த்தோம். தென்மூலையில் ஒரு குத்து குதிரைவாலிப் புல் நின்றது. கதிர் வெளிவரும்வரை நெல்லைப் போலவே நின்று ஏமாற்றும் களை அது. அதே மண், அதே தண்ணீர். பங்காளி என்பதில் சந்தேகமே இல்லை. நட்ட புதிதில் எடுத்த களைகளுக்கு ஏன் தீட்டு வரவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். அவையெல்லாம் பச்சைப் பிள்ளைகள், தீட்டு அன்றைக்கே போய்விடும் என்றார். இது வளர்ந்த ஆள், கதிர் விட்டவர். முழுசாகப் பதினாறு நாள்.

நான் இறங்கி வேரோடு பிடுங்கினேன். அக்கா அதை வாங்கி வரப்பில் கிடத்தி வாய்க்கரிசி போட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். முக்கோணம் அடங்கிவிட்டது. மேலப்பங்கு இருக்கும் திசைப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து ஞானசுந்தரத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது சரிய்யா. சாவு விழுந்துச்சுன்னா மத்த வயலெல்லாம் என்னா பண்ணும்?"

நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோடு முழுக்க ஈரமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போயாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் வந்துவிட்டிருந்தன. நோய் கண்டவை, காணாதவை, வரப்புத் தகராறில் பேசாமல் இருந்தவை எல்லாம் தலை கவிழ்ந்து நின்றன. முன்னால் மேலப்பங்கு. இலையெல்லாம் கருகி, கதிர்க் கழுத்து கறுத்து, நிற்க முடியாமல் நின்றது. இரண்டு வயல்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தன. சம்பந்தி என்பதால் அதற்குத்தான் நெருக்கத்தில் இடம். அது முக்கோணத்தின் மேல் அப்படியே சாய்ந்து அழுதது. துக்க வீட்டில் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பிரிக்க முடியுமா? நானும் அக்காவும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வழக்கப்படி, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமலே ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

அடுத்த வாரம் வட்டாரம் முழுக்க நோய் அடங்கியது. மேலப்பங்கில்கூடப் புதுப்புள்ளி இல்லை. எப்படி என்று மேலிடத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஈரத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்ததில் விளங்கியது. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து யாரும் குளிப்பதில்லை. சாவு வீட்டிலிருந்து வந்தால் தலை முழுகாமல் யாரும் வீட்டுக்குள் நுழைவதில்லை. அன்றைக்கு எல்லா வயல்களும் ஆற்றில் இறங்கி முழுகிவிட்டுத்தான் போயிருக்கின்றன. ஞானசுந்தரத்துக்குப் பாராட்டு வந்தது.

முக்கோணம் எங்கும் போகவில்லை. அதனால் முழுகவும் இல்லை. அதன் கதிர்கள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பதராயின.

"நல்லது பண்றேன்னு வந்து எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியளே தம்பி" என்றார் அக்கா. திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கடைசியிலிருந்து ஒரு வயல் வந்தது. முன்பட்டத்தில் நட்டு விளைந்து நின்ற வயல். ஒரு கட்டுக் கதிரை வரப்பில் இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போயிற்று. மறுநாள் இன்னொன்று. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது, காரியம் முடியும்வரை உறவுமுறைதான் சோறு கொண்டுவர வேண்டும். கதிர்க்கட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. மேலப்பங்கும் ஒருநாள் தட்டுத்தடுமாறி வந்தது. அது கொண்டுவந்ததில் பெரும்பாலும் பதர். உதறிப் பார்த்ததில் ஒரு பிடி மணி தேறியது. அக்கா அதை மற்றதோடு சேர்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் காரியம். பிடுங்கியவன் நான் என்பதால் மொட்டை எனக்கு. மறுநாள் அலுவலகத்தில் ஞானசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருய்யா?"

"குதிரைவாலி சார்."

"வயசாளியா?"

"கதிர் விட்டவர் சார்."

"அப்போ கல்யாணச் சாவுதான். வீட்டுக்குப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

நான் வீட்டுக்குப் போகாமல் முக்கோணத்துக்குப் போனேன். அக்கா நெல்லை அடித்துத் தூற்றிச் சாக்கில் கட்டியிருந்தார். சித்திரை வரைக்கும் வரும் என்றார். அடுத்த அறுப்பு அடுத்த வருஷத் தையில்தான். காரியம் முடிந்துவிட்டதால் இனிமேல் எந்த வயலும் எதுவும் கொண்டுவராது. இரண்டு பேரும் சாக்குகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தோம்.

அக்கா வெளுத்துப்போன வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மடையோரத்தைக் கை காட்டினார்.

"அங்க இன்னொரு குத்து நிக்கிது பாருங்க தம்பி. நாம எடுத்ததுக்குப் பெரியப்பா மொறை. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு."

எனக்கு ஏற்கெனவே மொட்டை. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு, வாய்க்கரிசிக்காக முந்தானை முடிச்சையும் அவிழ்த்தார். நான் குத்தில் கை வைத்தபோது, மேலே மடைக்கு அந்தப் பக்கம் மேலப்பங்கு எழுந்து தயாராக நின்றுகொண்டிருந்தது.